எந்தப் படியால் அளந்தார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன், பொறியியல் கல்லூரிகளுக்கான தரவரிசைப் பட்டியல் வெளிவந்த நேரம். தோளில் துண்டும் கையில் மடித்த தாளுமாக ஒரு தொழிலாளத் தோழர் எங்கள் பகுதிப் படிப்பகத்துக்கு வந்தார். பேருந்துப் பணிமனையில் பழுது பார்ப்பவர். வழக்கமாக வந்ததும் நாளேட்டை எடுத்து விரிப்பவர், அன்று அதைத் தொடவே இல்லை.

"அண்ணே, எனக்கு ஒரு கணக்குச் சொல்லித் தரணும்" என்றார்.

"சம்பளக் கணக்கா?"

"இல்லண்ணே. பொண்ணோட மார்க்குக் கணக்கு."

மகள் மாநகராட்சிப் பள்ளியில் படித்தவள். மாநிலப் பாடத்திட்டம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி, 200-க்கு அவள் பெற்றது 186.5. அதே பணிமனையின் மேற்பார்வையாளர் மகன் சி.பி.எஸ்.இ. பள்ளியில் படித்தவன். அவன் சான்றிதழில் உள்ளபடி கூட்டினால் 185. ஆனால் பட்டியலிலே அவன் மேலே, இவள் கீழே!

"நூத்தி எண்பத்தஞ்சு எப்படிண்ணே நூத்தி எண்பத்தாறரைக்கு மேல போகும்? எம் பொண்ணு மார்க்கை யாராச்சும் குறைச்சுட்டாங்களா?"

அவர் குரலில் கோபமில்லை, அச்சமிருந்தது. உழைத்துச் சேர்த்த பொருளை யாரோ மடியிலிருந்து உருவிக் கொண்டார்களோ என்ற ஏழையின் அச்சம். அவருக்கு அன்று சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன். ஏனெனில், இந்தக் கணக்கு அவர் வீட்டுக் கணக்கு மட்டுமல்ல. நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் வந்து நிற்கப் போகிற கணக்கு.

வீட்டிலே வயது முதிர்ந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மெட்ரிக் அளவை வருவதற்கு முன், ஊருக்கு ஒரு படி இருந்தது. பட்டணத்துப் படி பெரிது. சில ஊர்ப்படி சிறிது. 1956-இல் சட்டம் வந்து, 1958 முதல் கிலோவும் லிட்டரும் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அதுவரை, "பத்துப் படி நெல்" என்று ஒருவன் சொன்னால், விவரம் தெரிந்தவன் உடனே என்ன கேட்பான்? "எந்தப் படி?" என்று கேட்பான்!

அரிசிக்குக் கேட்கத் தெரிந்த நாம், பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்குக் கேட்க மறந்துவிட்டோம்.

மாநிலக் கல்வி வாரியம் ஒரு படி. சி.பி.எஸ்.இ. இன்னொரு படி. ஐ.எஸ்.சி. மற்றொரு படி. கேள்வித்தாள் வேறு, திருத்தும் முறை வேறு, கை தாராளம் வேறு. ஒரு வாரியத்தில் 90 எடுப்பது எளிதாக இருக்கும். இன்னொன்றில் 80 எடுப்பதே மலையேற்றமாக இருக்கும். ஆனால் கல்லூரி வாசல் ஒன்று, இருக்கை ஒன்று. இரண்டு படியில் அளந்த நெல்லை ஒரே களஞ்சியத்தில் கொட்ட வேண்டும். எப்படிக் கொட்டுவது?

தமிழ்நாட்டில் 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு புகுத்தப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் சேர்த்துப் பார்க்கப்பட்டது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த நகரத்துப் பிள்ளைக்கு அது ஏணி. முடியாத சிற்றூர்ப் பிள்ளைக்கு அது சுவர். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுவரை இடித்தது. 2007 முதல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்றாயிற்று. அப்போதுதான் "எந்தப் படி?" என்ற கேள்வி எழுந்தது. அதற்கு அந்தச் சட்டமே ஒரு விடை சொன்னது.

விடை இதுதான். ஒவ்வொரு பாடத்திலும், ஒவ்வொரு வாரியத்திலும் முதல் மதிப்பெண் எதுவோ, அதை மாநில வாரியத்தின் முதல் மதிப்பெண்ணுக்குச் சமமாக வை. மற்றவர்களை அந்த விகிதத்தில் உயர்த்து. மாநில வாரியத்தில் இயற்பியலின் முதல் மதிப்பெண் 100. வேறொரு வாரியத்தில் 90 என்று வைத்துக் கொள்வோம். அந்த 90, 100 ஆகிவிடும். அந்த வாரியத்தில் 60 எடுத்தவனுக்கு 66.66 கிடைக்கும். எட்டாம் வகுப்பு விகிதக் கணக்கு, அவ்வளவுதான்.

பணிமனைத் தோழரிடம் இதைச் சொன்னேன். "உங்கள் மகள் மதிப்பெண்ணை யாரும் தொடவில்லை. அந்தப் பையனின் படி சிறிய படி என்று கணக்கிட்டு, அதற்கேற்ப அவன் அளவை உயர்த்தியிருக்கிறார்கள்" என்றேன். சிறிது நேரம் யோசித்தார். பிறகு கேட்டாரே ஒரு கேள்வி!

"ஒருத்தன் எடுத்த முதல் மார்க்கை வச்சு, அங்க படிச்ச அத்தனை பேருக்கும் கணக்குப் போடுறது சரியாண்ணே?"

கல்வித் துறை வல்லுநர்கள் கேட்கும் கேள்வி அது! கணக்கைப் பாருங்கள். ஒரு வாரியத்தில் ஒரு மாணவன் 76 எடுக்கிறான். அந்த வாரியத்தின் முதல் மதிப்பெண் 95 என்றால், அவனுடைய 76, 80 ஆகிறது. எங்கோ ஒரு மூலையில், அவன் முகம் கூடப் பார்த்திராத ஒரு பிள்ளை 100 எடுத்துவிட்டால், இவனுக்கு 76 தான். இவன் எழுதிய விடைத்தாளில் ஒரு எழுத்துக் கூட மாறவில்லை. ஆனால் நான்கு மதிப்பெண் போயிற்று! அரை மதிப்பெண்ணிலே ஆயிரக்கணக்கானவர் நெருக்கியடித்து நிற்கும் வரிசையில், நான்கு மதிப்பெண் என்பது நல்ல கல்லூரிக்கும் ஏதோ ஒரு கல்லூரிக்கும் உள்ள தூரம்.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லா வாரியத்திலும் யாராவது ஒருவர் 100 எடுத்துவிட்டால், 100-க்கு 100 சமம். யாருக்கும் ஒன்றும் கூடாது, குறையாது. ஒரு வாரியத்தில் 100 எடுத்தவர் பத்துப் பேர், மற்றொன்றில் ஆயிரம் பேர் என்றாலும் இந்தக் கணக்கின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தாராளப் படிக்கும் கஞ்சப் படிக்கும் உள்ள வேற்றுமை அதற்குத் தெரியாது.

அப்படியானால் வேறு முறை இல்லையா? இருக்கிறது. அண்டை மாநிலமான கேரளம் ஒரு முறை வைத்திருந்தது. முதல் மாணவனை மட்டும் பார்க்காமல், எல்லா மாணவரின் சராசரியையும், அந்தச் சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு தூரம் சிதறியிருக்கின்றன என்பதையும் பார்க்கும் முறை.

சராசரி 80, சிதறல் 10 என்று ஒரு வாரியம். சராசரி 50, சிதறல் 20 என்று இன்னொரு வாரியம். முதல் வாரியத்தில் 90 எடுத்தவன் சராசரிக்கு ஒரு படிக்கட்டு மேலே நிற்கிறான். இரண்டாவதில் அதே ஒரு படிக்கட்டு மேலே நிற்பவன் எடுத்தது 70. ஆகவே அந்த 90-உம் இந்த 70-உம் சமம் என்கிறது இம்முறை. நியாயமாகத்தானே தெரிகிறது?

முதல் வாரியத்தில் 100-க்கு 100 எடுத்த பெண்ணைக் கொண்டு வந்து நிறுத்துங்கள். அவள் சராசரிக்கு இரண்டு படிக்கட்டு மேலே. இரண்டாவது வாரியத்தின் அளவில் அது 90. முழு மதிப்பெண் எடுத்தவளுக்குப் பத்து மதிப்பெண் வெட்டு! "இதற்கு மேல் எடுக்க இடமே இல்லையே, நான் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று அவள் கேட்டால், என்ன விடை சொல்வது? கேரள மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

அந்தக் குரல் கேட்டு, 2025-இல் கேரள அரசு முறையை மாற்றியது. தமிழ்நாட்டின் வழியில், முதல் மதிப்பெண்ணைச் சமமாக்கும் முறையைக் கைக்கொண்டது. நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். மாற்றிய வேளை எது தெரியுமா? தேர்வு எழுதி முடித்த பிறகு! பட்டியல் வெளியாகும் தருவாயில்! ஜூலை 1-ஆம் நாள் பட்டியல் வந்தது. சி.பி.எஸ்.இ. மாணவர்கள் நீதிமன்றம் சென்றனர். ஜூலை 9-இல் உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை நீக்கியது. ஜூலை 10-இல் அரசின் மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிற்று. அன்றே பழைய முறையில் புதிய பட்டியல் வந்தது. முதலிடத்தில் இருந்த மாணவர் அந்த இடத்தை இழந்தார். முதல் நூறு இடங்களில் மாநிலப் பாடத்திட்டத்தாரின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அந்தப் பத்து நாட்களில் எந்த மாணவனும் புதிதாக ஒரு பாடம் படிக்கவில்லை. எவனும் படித்ததை மறந்துவிடவில்லை. விடைத்தாள்கள் கட்டிய மூட்டையிலேயே கிடந்தன. மாறியது படி மட்டும்தான். படி மாறியதும் முதல்வன் முதல்வனாக இல்லை. உள்ளே இருந்தவர் வெளியே, வெளியே இருந்தவர் உள்ளே!

"திறமை, திறமை" என்று ஓயாமல் முழங்குகிறார்களே, அவர்களைக் கேட்போம்: ஜூலை 1-ஆம் நாள் திறமை எது? ஜூலை 10-ஆம் நாள் திறமை எது?

மூன்றாவதாக ஒரு முறை இருக்கிறது. மதிப்பெண்ணையே பார்க்காதே, இடத்தைப் பார் என்பது அது. நூறு பேர் வரிசையில் உனக்குக் கீழே எத்தனை பேர்? 95 பேர் என்றால் உன் அளவு 95. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு பல நாட்களில், பல வேளைகளில், வெவ்வேறு கேள்வித்தாள்களோடு நடப்பதால், 2019 முதல் இந்த முறையிலேயே அளக்கிறார்கள். புள்ளிக்குப் பின் ஏழு இலக்கம் வரை கணக்கிடுகிறார்கள். தங்கத்தைக் கூட இவ்வளவு நுணுக்கமாக நிறுப்பதில்லை!

ஆனால் நுணுக்கம் வேறு, நியாயம் வேறு. இந்த முறை ஒன்றை நம்பித்தான் நிற்கிறது. காலையில் எழுதிய கூட்டமும் மாலையில் எழுதிய கூட்டமும் ஒரே தரமான கூட்டம் என்ற நம்பிக்கை அது. யார் காலை, யார் மாலை என்று குலுக்கிப் போட்டுப் பிரித்தால் அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்க்காது. வாரியங்களுக்கு அதைப் பொருத்தினால்? தெருக் கபடியில் முதலாக வந்தவனும், விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர்களிடையே முதலாக வந்தவனும் சமமா? சமம் என்றால் விடுதிப் பையனுக்கு வருத்தம். சமமில்லை என்றால், "எனக்கும் விடுதியும் பயிற்சியும் பாலும் முட்டையும் கொடுத்துவிட்டல்லவா போட்டி வைத்திருக்க வேண்டும்?" என்று தெருப் பையன் கேட்பான். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. எந்த நியாயத்தை முதலில் வைப்பது என்பதைக் கணக்குச் சொல்லாது; ஆள்வோரும் மக்களும்தான் சொல்ல வேண்டும்.

கூட்டங்கள் ஒரே தரமா என்று ஊகிக்காமல், சோதித்தே பார்த்துவிட முடியாதா? முடியும். அமெரிக்காவைப் பாருங்கள்.

அங்கே கல்லூரிக்குப் போக இரண்டு தேர்வுகள். 1926-இல் தொடங்கியது எஸ்.ஏ.டி.; 1959-இல் தொடங்கியது ஏ.சி.டி. முன்னதன் அளவு 400 முதல் 1600 வரை. பின்னதன் அளவு 1 முதல் 36 வரை. ஒன்று மணங்கு என்றால் மற்றொன்று முழம்! எப்படி ஒப்பிடுகிறார்கள்? இரண்டு தேர்வையும் எழுதிய மாணவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். 2018-இல் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணைக்கு, 2017-இல் பள்ளி முடித்தவர்களில் இரண்டையும் எழுதிய 5 இலட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேற்பட்டவரின் மதிப்பெண்களை எடுத்துக் கொண்டார்கள். ஒரே நெல்லை இரண்டு படியிலும் அளந்து பார்த்தால், எந்தப் படி எவ்வளவு என்று தெரிந்துவிடும் அல்லவா? அதே வேலைதான். ஏ.சி.டி.யில் 24 என்றால் எஸ்.ஏ.டி.யில் 1180, 30 என்றால் 1370 என்று அட்டவணை வந்தது.

அங்கும் சண்டை வராமல் இல்லை. 2016-இல் எஸ்.ஏ.டி. புது வடிவம் பெற்றபோது, அதை நடத்தும் நிறுவனம் தானாகவே ஒரு அட்டவணையை வெளியிட்டது. மற்ற நிறுவனம் எதிர்த்தது: எங்களைச் சேர்க்காமல், போதிய விவரம் வருமுன்னே, நீங்களாக எப்படி அளவு சொல்லலாம் என்று கேட்டது. இரண்டு ஆண்டு கழித்து இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அட்டவணை போட்டார்கள். ஒரு கடைக்காரன் தன் படிக்கும் எதிர்க்கடைப் படிக்கும் தானே விகிதம் சொன்னால் எதிர்க்கடைக்காரன் சும்மா இருப்பானா? இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்று அளந்து காட்டினால்தான் ஊர் நம்பும்!

நம் நாட்டில் ஒரே மாணவன் இரண்டு வாரியத் தேர்வு எழுதுவதில்லை. ஆகவே அந்த வழி நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதன் பாடம் பொருந்தும். ஒப்பீடு என்பது ஊகத்தின் மேல் நின்றால் தகராறு. எல்லாருக்கும் தெரியும் விவரத்தின் மேல் நின்றால் நம்பிக்கை.

படியை மாற்றும் அதிகாரம் யார் கையில் என்று கேட்காமல் இருந்தால் என்ன நடக்கும்? கடலுக்கு அப்பால் ஈழத்தில் நடந்ததை நாம் மறக்கலாமா? 1971-இல் இலங்கைப் பல்கலைக் கழகச் சேர்க்கையில், ஒரே தேர்வைச் சிங்களத்தில் எழுதியவர்க்கு ஒரு எல்லை, தமிழில் எழுதியவர்க்கு வேறு எல்லை. மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவர் 229 எடுத்தால் போதும். தமிழில் எழுதியவர் 250 எடுத்தாக வேண்டும். பொறியியலுக்கு 227-உம் 250-உம். 1973-இல் "தரப்படுத்தல்" என்ற பெயரில், மொழிவாரியாக மதிப்பெண்ணை மாற்றும் கணக்கே வந்தது. பெயர் என்னவோ புள்ளியியல். விளைவோ, படித்துத் தேறிய இளைஞர் வாசலிலே நிறுத்தப்பட்டது. அந்த ஆற்றாமை ஒரு தலைமுறையையே எங்கே கொண்டு சேர்த்தது என்பது வரலாறு. கூட்டல் கழித்தலுக்குள் எவ்வளவு பெரிய அநீதியை ஒளித்து வைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

"இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாருக்கும் ஒரே தேர்வு, ஒரே படி" என்கிறார்கள் சிலர். கேட்க இனிக்கிறது. ஆனால் ஒரே படியை வைத்து எதை அளக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டாமா? மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு வந்த பிறகு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் இடம் சுருங்கிப் போனதைக் கண்டுதானே, 2020-இல் தமிழ்நாடு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்ற நேர்ந்தது? படி ஒன்றுதான், ஆனால் நிலம் ஒன்றா? நீர் ஒன்றா? உரம் ஒன்றா? ஒரே படி, படிகளுக்கிடையே உள்ள வேற்றுமையைத்தான் போக்கும். பள்ளிகளுக்கிடையே உள்ள வேற்றுமையைப் போக்காது.

ஆக, குற்றமே இல்லாத அளவுகோல் எதுவும் இல்லை. ஒன்று முதல் மாணவனை நம்புகிறது. ஒன்று சராசரியை நம்புகிறது. ஒன்று கூட்டத்தை நம்புகிறது. ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு ஆதாயம், ஒருவருக்கு இழப்பு. ஆகவே நாம் கேட்க வேண்டியவை என்ன?

முதலாவது, மாணவன் பேனாவைத் திறக்கும் முன்னே கணக்கு முறையைச் சொல்லிவிட வேண்டும். தேர்வு முடிந்த பின் மாற்றுவது, நெல் அளந்த பின் படியை மாற்றுவது போன்றது. அது நம் பிள்ளைகளுக்குச் சாதகமாக வந்தாலும் வேண்டாம். கேரளத்தில் அப்படி வந்த சாதகம் பத்து நாள் கூட நிலைக்கவில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு வாரியத்தின் முதல் மதிப்பெண், சராசரி, எழுதியவர் தொகை ஆகிய அனைத்தையும் ஆண்டுதோறும் தமிழில், எவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் தரும் தாளில், "நீ பெற்றது இவ்வளவு, மாற்றிய பின் இவ்வளவு, மாற்றிய விதம் இது" என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கு சரியா என்று காலத்தைக் கேட்க வேண்டும். அந்த வாரியத்திலிருந்தும் இந்த வாரியத்திலிருந்தும் சேர்ந்தவர்கள் கல்லூரியில் எப்படிப் படிக்கிறார்கள், எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று பார்த்தால், எந்தப் படி பொய் சொன்னது என்று விளங்கிவிடும். அதைப் பார்க்காமல் ஆண்டுக்காண்டு சூத்திரத்தைச் சுமப்பது, பழுதான தராசைத் துடைத்துத் துடைத்து வைப்பதற்குச் சமம்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது, தோழர்களே. தரவரிசைப் பட்டியல் வரும் வாரத்தில் ஒவ்வொரு படிப்பகத்திலும் கணக்குத் தெரிந்த இளைஞர் இருவர் உட்காரட்டும். பெற்றோர் கொண்டு வரும் தாளை வாங்கிப் பார்த்து, விளக்கிச் சொல்லட்டும். தவறு இருந்தால் காலக்கெடு முடியுமுன் முறையீடு எழுதிக் கொடுக்கட்டும். தவறு இல்லையென்றால், "யாரும் உன்னை ஏமாற்றவில்லை" என்று சொல்லட்டும். அந்த ஒரு சொல் எத்தனை வீட்டில் நிம்மதியாகச் சோறு இறங்கச் செய்யும் தெரியுமா?

பணிமனைத் தோழரின் மகளுக்கு அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. அவள் விரும்பிய பாடம் இல்லை. அதற்கு அடுத்த பாடம். அந்தச் செய்தியைச் சொல்ல அவர் வந்தபோது, கூடவே இன்னொரு தொழிலாளியையும் அழைத்து வந்தார். அவருடைய மகன் அந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தான். வந்தவர் உட்காருமுன்னே நம் தோழர் அவரிடம் சொன்னார்:

"மார்க்கு எவ்வளவுன்னு அப்புறம் கேளு. எந்தப் படியில அளந்தாங்கன்னு முதல்ல கேளு."